பள்ளி பாண்டுப் பணம்: மேற்பார்வைக் குழுவுக்கு விண்ணப்பிக்கலாமா?

மல்லிச்செடி | ஜனவரி 14, இரவு 9:40

வணக்கம். நாங்கள் கலிஃபோர்னியாவில், ஈஸ்ட் பே பக்கம் இருக்கிறோம். மகள் ஆறாவது படிக்கிறாள். போன நவம்பர் தேர்தலில் எங்கள் பள்ளி மாவட்டத்தின் (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) பாண்டு ஜெயித்தது. பள்ளி கட்டவும் பழுதுபார்க்கவும் வாங்கி, சொத்து வரியிலிருந்து திருப்பிக் கட்டும் கடன்தான் பாண்டு. அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஊர்க்காரர்களைக் கொண்டு ஒரு மேற்பார்வைக் குழு அமைக்கப் போகிறார்களாம். பெற்றோர் உறுப்பினர் இடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று மெயில் வந்திருக்கிறது.

ஆசையாகத்தான் இருக்கிறது. டிசம்பர் 10க்குள் கட்ட வேண்டிய சொத்து வரி பில்லை இந்த முறைதான் முதன்முதலாக மேலிருந்து கீழே முழுக்கப் படித்தேன். பள்ளி பாண்டு என்று மூன்று இடத்தில் தொகை போட்டிருந்தது. இப்போது ஜெயித்தது நான்காவதாக வரும். ஆனால் மகளின் பள்ளி நூலகத்தில் மழை பெய்தால் இன்னமும் ஒரு சாம்பல் நிறக் குப்பைத்தொட்டியை மூலையில் வைத்துச் சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கிறார்கள். போன வாரம் நானே பார்த்தேன். முந்தைய பாண்டுகளின் பணம் எந்தக் கூரைக்குப் போனது?

இரண்டு சந்தேகம். ஒன்று, எனக்குக் கணக்கு வழக்கு தெரியாது. ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். இரண்டு, குழுவின் பெயரிலேயே 'சிட்டிசன்' என்று இருக்கிறது. நாங்கள் இன்னும் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 14, இரவு 11:05

மல்லி, கண்டிப்பாகப் போடுங்கள். சவுத் பேயில் வேறொரு மாவட்டத்தில் நாலு வருஷமாக இந்தக் குழுவில் இருக்கிறேன்.

முதலில் இரண்டாவது சந்தேகம். பெற்றோர் இடத்துக்குச் சட்டம் கேட்பது, உங்கள் பிள்ளை அந்த மாவட்டத்துப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பதைத்தான். 18 வயது நிரம்பிய எந்தக் குடியிருப்பாளரும், குடியுரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நியமனப் பதவிகளில் இருக்கலாம் என்று 2019-ல் மாநிலச் சட்டத்தையே திருத்தினார்கள். சம்பளம் கிடையாது. மாவட்டத்தின் ஊழியர், அதிகாரி, அதற்குப் பொருள் விற்பவர், காண்ட்ராக்டர், ஆலோசகர் இவர்கள் யாரும் உறுப்பினராக முடியாது.

இந்தக் குழு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டு உள்ளே போனால், பேசும்போது தைரியம் வரும். 1978-ல் ப்ராப் 13 (மக்கள் ஓட்டுக்கு விடும் முன்மொழிவைத்தான் ப்ராப் என்பார்கள்) சொத்து வரியை மதிப்பில் 1 சதவீதத்தோடு கட்டிப்போட்டது. அதனால் பள்ளி கட்டப் பாண்டு போடும் வழியும் அடைபட்டது. 1986-ல் அதைத் திரும்பத் திறந்தார்கள், ஆனால் ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 60 சதவீதம் பேர் ஆமாம் என்று சொன்னாலும் தோல்விதான். 2000 மார்ச்சில் ப்ராப் 26, பாதிக்கு மேல் கிடைத்தால் போதும் என்று கேட்டது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அதே வருடம் நவம்பரில் ப்ராப் 39 வந்தது. 55 சதவீதம் போதும், ஆனால் என்னென்ன வேலை என்ற பட்டியலை ஓட்டுக்கு முன்பே காட்ட வேண்டும், வருடாவருடம் நிதித் தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் நடக்க வேண்டும். கூடவே வந்த சட்டம் ஊர்க்காரர் குழுவைக் கட்டாயமாக்கியது. இந்த முறை மக்கள் சரி என்றார்கள்.

ஆக, மூன்றில் இரண்டு பங்கு என்ற பூட்டைத் தளர்த்திக் கொடுத்ததற்கு மக்கள் கேட்டு வாங்கிய ஈடு இந்தக் குழு. மாவட்டம் நமக்குப் பெரிய மனது பண்ணிக் கொடுக்கும் நாற்காலி என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். நான் முதல் வருஷம் அப்படித்தான் நினைத்தேன். நன்றி சொல்லியே பாதி நேரம் போய்விட்டது.

தேர்தல் முடிவை, மாவட்டத்தை நடத்தும் போர்டு தன் குறிப்பில் பதிந்த 60 நாளுக்குள் குழுவை நியமிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். வியாபாரிகள் அமைப்பிலிருந்து ஒருவர், மூத்த குடிமக்கள் அமைப்பிலிருந்து ஒருவர், வரி செலுத்துவோர் சங்கத்திலிருந்து ஒருவர், ஒரு பெற்றோர், பிடிஏ போன்ற அமைப்பிலும் இருக்கிற இன்னொரு பெற்றோர், மீதி பொது. பதவிக்காலம் குறைந்தது இரண்டு வருஷம், தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது.

முந்திரிக்கொத்து | ஜனவரி 15, காலை 7:20

உற்சாகத்தைக் குறைப்பதற்கு மன்னிக்கவும். நானும் இருந்தேன், ஒரு வருஷத்தில் விலகிவிட்டேன். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம், 40 நிமிஷம். அதில் 30 நிமிஷம் மாவட்ட அலுவலர் ஸ்லைடு காட்டுவார். அழகழகான படங்கள், ரிப்பன் வெட்டும் படங்கள். வருடாந்தர அறிக்கையை அவர்களே எழுதி, "ஏதாவது எழுத்துப்பிழை இருந்தால் சொல்லுங்கள்" என்று கொண்டுவந்து வைத்தார்கள். செலவுப் பட்டியல் கேட்டேன். "மொத்தத் தொகைதான் தருவது வழக்கம்" என்று பதில்.

யார் செலவைப் பார்க்க வேண்டுமோ அவர்களை, செலவு செய்கிற போர்டே நியமிக்கிறது. குழுவுக்கு எதையும் நிறுத்தும் அதிகாரம் இல்லை, சொந்த வக்கீல் இல்லை. சான் டியாகோ பக்கம் ஸ்வீட்வாட்டர் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தில் 2006-ல் 64.4 கோடி டாலர் பாண்டு போட்டார்கள். காண்ட்ராக்டர்களிடம் விருந்து, டிக்கெட் என்று வாங்கியதாக 2012-ல் அதிகாரிகள் மேலும் போர்டு உறுப்பினர்கள் மேலும் வழக்கு வந்தது, பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அங்கே குழு இல்லையா? இருந்தது.

கணக்குப்பிள்ளை | ஜனவரி 15, மதியம் 12:48

முந்திரி, நீங்கள் சொல்வது உண்மை. மாநிலத்தின் லிட்டில் ஹூவர் ஆணையமே 2009-லும் 2017-லும் பாண்டு மேற்பார்வையைப் பற்றி இரண்டு அறிக்கை போட்டு, இதை வலுப்படுத்தச் சொன்னது. வெட்டும் கத்தி நம் கையில் இல்லை.

ஆனால் அறிக்கையை அவர்கள் எழுதித் தந்ததை ஏற்றிருக்கக் கூடாது. வருஷத்துக்கு ஒரு முறையாவது அறிக்கை வெளியிடுவது குழுவின் கடமை. அதற்கான அலுவலக உதவியையும் வெளியிடும் செலவையும் மாவட்டம் பாண்டுப் பணத்தைத் தொடாமல் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதித் தருவது உதவிக்குள் வராது. எங்கள் அறிக்கை ஒன்றரைப் பக்கம்தான், நடை சுமார்தான், ஆனால் நாங்கள் எழுதியது.

செலவுப் பட்டியல் கதை எனக்கும் நடந்தது. முதல் வருஷம் மொத்தத் தொகை மட்டும் வந்தது: "நவீனமயமாக்கல்" என்று ஒரு தலைப்பு, எதிரே பல லட்சம் டாலர். எந்தப் பள்ளி, எந்தக் கடை, எந்தத் தேதி எதுவும் இல்லை. பொது ஆவணச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்டேன். கொடுக்க முடியுமா முடியாதா என்று 10 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். எக்செல் கோப்பு வந்தது, ஆயிரத்துச் சொச்சம் வரிசை. ஒரு சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து, விற்பனையாளர் பெயர்படி அடுக்கினேன். கூரை, குளிர்சாதனம், கான்கிரீட், மண் பரிசோதனை எல்லாம் சரி. நடுவில் ஒரு மென்பொருள் நிறுவனம், மூன்று வருஷமாக ஒவ்வொரு ஜூலையிலும் கிட்டத்தட்ட ஒரே தொகை. என்னவென்று பார்த்தால் வருகைப் பதிவு மென்பொருளின் வருடாந்தரச் சந்தா. அது அன்றாடச் செலவு, கட்டடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கூட்டத்தில் நான் குற்றம் சாட்டவில்லை. அந்த மூன்று வரிசையையும் படித்துக் காட்டி, "இது ஓட்டுக்கு முன் காட்டிய வேலைப் பட்டியலில் எந்த வேலையின் கீழ் வருகிறது?" என்று மட்டும் கேட்டேன். பதில் வர இரண்டு கூட்டம் ஆனது. கடைசியில் தவறான கணக்கில் ஏறிவிட்டது என்று சொல்லி, பொது நிதியிலிருந்து பாண்டு நிதிக்குத் திருப்பிப் போட்டார்கள். பெரிய தொகை இல்லை. ஆனால் அடுத்த வருஷத்திலிருந்து கேட்காமலேயே விரிவான பட்டியல் வருகிறது.

மல்லி, இதற்கு என்ன கணக்குப் படிப்பு வேண்டும்? லேபில் நீங்கள் மாதிரிக்கு ஒட்டிய சீட்டும் குறிப்பேடும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? அதே வேலைதான்.

வாடகைவீடு | ஜனவரி 15, மாலை 6:02

எனக்குத் தெரிந்தவரை பாண்டுப் பணத்தில் யாருக்கும் ஒரு டாலர்கூடச் சம்பளம் கொடுக்கக் கூடாது. எங்கள் மாவட்டத்தில் 'கட்டுமான இயக்குநர்' என்று ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். இது நேரடி மோசடி இல்லையா? இன்னொன்று, எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் பேச உரிமை உண்டா?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 15, இரவு 8:31

அவசரப்பட்டு மோசடி என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். ஆசிரியர் சம்பளம், நிர்வாகிகள் சம்பளம், பள்ளி நடத்தும் அன்றாடச் செலவு இவற்றுக்குக் கூடாது என்பது சரி. ஆனால் பாண்டு வேலைகளை மேற்பார்க்கும் ஊழியருக்கு, அவர் அந்த வேலை செய்த அளவுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2004-ல் கருத்துச் சொல்லியிருக்கிறார். அதனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அவர் நேரத்தில் எவ்வளவு பாண்டு வேலைக்குப் போகிறது, நேரக்கணக்கு எங்கே? முழுச் சம்பளமும் பாண்டில் ஏறி, அவர் பாதி நேரம் பழுதுபார்ப்புப் பணிகளைக் கவனித்தால் அங்கே பிடிக்கலாம்.

வாடகைக்கு இருந்தாலும் உரிமை உண்டு. கூட்டங்கள் பிரவுன் சட்டப்படி பொதுக்கூட்டங்கள். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும், பார்க்க வந்தவர்களைப் பேசவிட வேண்டும். பிள்ளை அங்கே படித்தால் பெற்றோர் இடத்துக்கும் நீங்கள் விண்ணப்பிக்கலாம்.

தென்கரை | ஜனவரி 16, காலை 10:15

ஓட்டுக்கு முன் காட்டும் வேலைப் பட்டியலைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. சான் டியாகோவில் இருக்கிறேன், எங்கள் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்கிறேன்.

2008-ல் ப்ராப் எஸ் என்ற பாண்டு, 210 கோடி டாலர். ஹூவர் உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பணத்திலிருந்து விளையாட்டு மைதானத்துக்கு உயரமான விளக்குக் கம்பங்கள் போட முடிவு செய்தார்கள். அக்கம்பக்கத்து மக்களுக்கு இரவு வெளிச்சமும் கூட்டமும் தொந்தரவு. வழக்குக்குப் போனார்கள். 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் என்ன பார்த்தது தெரியுமா? வாக்காளர்களுக்குக் காட்டிய பட்டியலில் அந்தப் பள்ளிக்கான வேலைகளில் மைதான விளக்கு என்ற சொல் இருக்கிறதா என்று. இல்லை. அதனால் அந்தப் பாண்டுப் பணத்தை அதற்குச் செலவிட முடியாது என்று தீர்ப்பு.

ஒரு சொல் இல்லாததால் ஒரு மைதானத்து விளக்கு நின்றது. ஓட்டுச்சீட்டோடு வந்த அந்தக் குட்டிப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நான் பழைய மூன்றையும் கோப்பில் வைத்திருக்கிறேன். ஆனால் இந்தக் காலத்துப் பட்டியல்களை எழுதும் வக்கீல்கள் கெட்டிக்காரர்கள், "மற்றும் தொடர்புடைய மேம்பாடுகள்" என்று எல்லாவற்றையும் உள்ளே இழுத்துவிடுகிறார்கள்.

கட்டடக்காரன் | ஜனவரி 16, இரவு 10:50

சிவில் இன்ஜினியர், 20 வருஷம் பொதுப்பணிக் கட்டுமானம். காகிதத்தைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டீர்கள், நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளிக் கட்டடங்களையும் வளாகத்தையும் நேரில் போய்ப் பார்க்கக் குழுவுக்கு உரிமை உண்டு, அதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு. போனால் முன்வாசல் பக்கம் மட்டும் கூட்டிக்கொண்டு போவார்கள். கழிவறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பள்ளியில் புது டைல்ஸ், புது பேசின் எல்லாம் பளபளவென்று இருந்தது. கீழே குனிந்து சுவரில் குழாய் நுழைகிற இடத்தைப் பார்த்தேன். பழைய துருப்பிடித்த இரும்புக் குழாய் அப்படியே இருந்தது, மேலே வெள்ளை அடித்திருந்தார்கள். பட்டியலில் "குழாய் அமைப்பை மாற்றுதல்" என்று இருந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டேன், அடுத்த கூட்டத்தில் காட்டினேன்.

அப்புறம் சேஞ்ச் ஆர்டர். ஒப்பந்தம் போட்ட பிறகு கூடுதல் வேலை என்று வருவது. ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் வரை மறு டெண்டர் இல்லாமல் கூட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பழைய கட்டடத்தில் சுவரை உடைத்தால் உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது சகஜம், அதனால் சேஞ்ச் ஆர்டர் வந்தாலே தப்பு என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஒரே காண்ட்ராக்டர், ஐந்து பள்ளி, ஐந்திலும் 9.6, 9.8 என்று வந்து நின்றால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக டிஎஸ்ஏ (மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு) சான்று. 1933 மார்ச்சில் லாங் பீச் நிலநடுக்கத்தில் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்து விழுந்தன. மாலை நேரம், பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள். ஒரு மாதத்தில் ஃபீல்ட் சட்டம் வந்தது. அன்றிலிருந்து பள்ளிக் கட்டட வரைபடங்களை மாநிலக் கட்டடக்கலைப் பிரிவு பார்த்து, வேலை முடிந்ததும் சான்று தர வேண்டும். ரிப்பன் வெட்டிப் பல வருஷம் ஆகியும் சான்று வாங்காமல் கிடக்கிற வேலைகள் உண்டு. "முடிந்த வேலைகளில் எத்தனைக்குச் சான்று வந்தது?" இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பள்ளியில் இருப்பது நம் பிள்ளைகள்.

எல்ஏ அம்மா | ஜனவரி 17, மதியம் 2:12

லாஸ் ஏஞ்சலஸில் 2013-ல் எல்லா மாணவர்களுக்கும் ஐபேட் கொடுப்பதாக ஆரம்பித்தார்களே, அதற்கும் பாண்டுப் பணம்தான். மொத்தத் திட்டம் 100 கோடி டாலருக்கும் மேல். கருவிகள் வாங்கச் சட்டம் இடம் தருகிறது, அது வேறு. ஆனால் பல பத்து வருஷம் கட்டும் கடனில், மூன்று நாலு வருஷத்தில் பழசாகிற பொருளை வாங்கலாமா என்று மேற்பார்வைக் குழுவிலிருந்த கட்டடக்கலைஞர் ஒருவர் விடாமல் கேட்டார். 2014-ல் அவரது பதவிக்காலத்தை நீட்டிக்கப் போர்டு மறுத்தது. ஊரில் பெரிய சத்தம் கிளம்பியது. பிறகு அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே ஐபேட் ஒப்பந்தமும் நிறுத்தப்பட்டது.

அவரை லேசாகக் கழற்றிவிட முடியாததற்கு ஒரு காரணம், அந்த இடத்துக்கு ஆள் சொல்வது கட்டடக்கலைஞர் சங்கம். அங்கே குழுவின் பல இடங்களுக்கு வெளி அமைப்புகள்தான் பெயர் கொடுக்கின்றன. முந்திரி சொன்ன குறைக்கு இதுதான் மருந்து என்று நினைக்கிறேன். போர்டு நியமிக்கட்டும், ஆனால் பெயர் வெளியிலிருந்து வரட்டும்.

வாடகைவீடு | ஜனவரி 17, இரவு 9:09

சான் டியாகோ பக்கம் பவே பள்ளி மாவட்டம் 10.5 கோடி டாலர் கடன் வாங்கி 100 கோடி கட்டப் போகிறது என்கிறார்களே, அது நிஜமா? அங்கே குழு என்ன செய்தது?

கணக்குப்பிள்ளை | ஜனவரி 18, காலை 8:44

நிஜம். 2011-ல் வாங்கினார்கள், முதல் 20 வருஷம் ஒரு காசு கட்ட வேண்டாம், வட்டி வட்டியோடு சேர்ந்து குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். திருப்பும் தொகை கிட்டத்தட்ட 98 கோடி. 2012-ல் ஒரு செய்தித் தளம் எழுதிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது. 2013-ல் சட்டம் வந்தது: இந்த வகைப் பாண்டு 25 வருஷத்துக்கு மேல் கூடாது, திருப்பும் தொகை வாங்கியதில் நாலு மடங்கைத் தாண்டக் கூடாது.

மேற்பார்வைக் குழுவுக்குச் சட்டம் கொடுத்த வேலை, வந்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. எப்படிக் கடன் வாங்குகிறார்கள் என்பது அதற்குள் வராது. எனக்கு இதில் மனக்குறை உண்டு. ஆனால் ஒரு குடிமகனாகப் போர்டு கூட்டத்துக்குப் போய்க் கேட்பதை யாரும் தடுக்க முடியாது, நான் போகிறேன்.

வரிக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். ஒருங்கிணைந்த மாவட்டமாக (தொடக்கப் பள்ளி முதல் உயர்நிலை வரை நடத்துவது) இருந்தால் ஒரு பாண்டுக்கு மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு வருஷம் 60 டாலருக்குள் வரும் என்று கணித்துக் காட்ட வேண்டும். 12 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 720. இது ஒவ்வொரு பாண்டுக்கும் தனித்தனி. அதனால்தான் மல்லி பில்லில் மூன்று இடத்தில் வந்திருக்கிறது.

மறந்துவிட்டேன், மல்லி, உறுப்பினர்களாகச் சேர்ந்து வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்காதீர்கள். ஏழு பேரில் நாலு பேர் கூட்டத்துக்கு வெளியே குழுவின் வேலையைப் பற்றிப் பேசினாலே பிரவுன் சட்ட மீறல்.

முந்திரிக்கொத்து | ஜனவரி 18, இரவு 10:30

கட்டடக்காரன் சொன்ன கழிவறைக் குழாயைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. நான் விலகியிருக்கக் கூடாதோ என்று தோன்றுகிறது. எங்கள் குழுவின் அடுத்த கூட்டம் பிப்ரவரியில். உறுப்பினராக இல்லாவிட்டாலும் பார்வையாளராகப் போகப் போகிறேன். விரிவான பட்டியலை எழுதிக் கேட்டுவிட்டேன்.

மல்லிச்செடி | மார்ச் 27, இரவு 10:18

எல்லோருக்கும் நன்றி. நியமனம் ஆகிவிட்டது. முதல் கூட்டம் இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது.

கணக்குப்பிள்ளை அண்ணா, நன்றி சொல்லி நேரத்தைக் கழிக்கவில்லை. விரிவான செலவுப் பட்டியலையும் சான்று விவரத்தையும் கேட்டேன். அடுத்த கூட்டத்துக்குள் தருவதாகக் குறிப்பில் ஏற்றியிருக்கிறார்கள். அறிக்கையை நாங்களே எழுதுவதென்று ஏழு பேரும் ஒத்துக்கொண்டோம். மூத்தோர் அமைப்பிலிருந்து வந்த அம்மா, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, எழுதும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

பார்வையாளராக ஒரே ஒருவர் வந்திருந்தார். எண்பது வயது இருக்கும், வெள்ளைக்காரத் தாத்தா, காதில் கருவி. பழைய குழுக் கூட்டங்களுக்கும் வந்துகொண்டிருந்தாராம், பேரப்பிள்ளைகள்கூட இப்போது அந்தப் பள்ளிகளில் இல்லை. கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, எந்தப் பள்ளிப் பெற்றோர் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கோப்பைப் பிரித்து ஒரு தாளை எடுத்தார். முந்தைய பாண்டின் வேலைப் பட்டியல், ஓரமெல்லாம் மடங்கி இருந்தது. ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பென்சிலில் டிக், பக்கத்தில் தேதி. நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் டிக் போடுவாராம்.

எங்கள் பள்ளிக்கு ஒன்பது வேலை இருந்தது. ஏழுக்கு டிக். நூலகக் கூரைக்கும், அதையொட்டிய வடிகாலுக்கும் டிக் இல்லை. செலவானதாக அந்த வருஷத்து அறிக்கையில் இருக்கிறது என்று சொல்லி, அந்தப் பக்கத்தையும் காட்டினார். இரண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். புதன்கிழமை காலை அவற்றை இணைத்து மாவட்டத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன், 10 நாள் கணக்கு ஓடுகிறது. நூலகத்தைப் போய்ப் பார்க்க அடுத்த மழை நாளாகப் பார்த்துத் தேதி கேட்டிருக்கிறேன். கட்டடக்காரன் அண்ணா, கூரையில் எங்கே பார்க்க வேண்டும் என்று அதற்குள் சொல்லுங்கள்.